இரு தடைக்காலங்களுக்கு இடையே

ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது என்று நாட்காட்டி சொல்லும். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் ஜூனில் என்பர். கடைக் கணக்குப்பிள்ளையைக் கேட்டால் ஏப்ரல் முதல் நாள் என்பார். கல்மண்டபத்திலிருந்து கிழக்கே நடந்து கடலை அடைந்தாலோ, அங்கே வேறொரு கணக்கு வழங்கி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது என்பது விதி. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. அத்தடை நீங்கும் நள்ளிரவில்தான் காசிமேட்டில் ஆண்டு பிறக்கிறது. அடுத்த தடைக்காலத்தோடு அது முடிகிறது.

அத்தகைய ஓராண்டை நாம் கவனித்துப் பார்க்க விரும்பினோம். 2023 ஜூன் தொடங்கி 2024 ஜூன் வரை, காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள கரையைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்தவற்றையெல்லாம் கத்தரித்து, காலியான பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்தோம். அண்மையில் அதை மேசைமேல் கவிழ்த்து, தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. டிசம்பர்த் திங்களின் அடுக்கு மட்டும் ஒரு சாண் உயரம். ஏனைய பதினொரு திங்களும் சேர்ந்தும் அதில் பாதி தேறவில்லை. நம் கரையில் ஏதேனும் கொட்டினால், கசிந்தால், செத்து மிதந்தால்தான் அது செய்தி. அது தெரிந்த கதைதான். ஆயினும் அந்த மெல்லிய அடுக்கிலிருந்தே தொடங்குவோம்.

முதல் துணுக்கு, தடை நீங்கிய 2023 ஜூன் 14 நள்ளிரவைப் பற்றியது. ஐஸ் கட்டிகளை நிரப்பி, டீசலும் குடிநீரும் அரிசி பருப்பும் ஏற்றி, படகுகள் வரிசையாகத் துறைமுக வாயிலைக் கடக்கும் படம். இதே படம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆண்டின் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவது துணுக்கு வஞ்சிரத்தின் விலை. அதுவும் அவ்வாறே. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வண்ணம் பூசி, வலையைப் பொத்தி, அதற்கெல்லாம் கடன் வாங்கி, வட்டியும் தொடங்கிவிட்ட பிறகே அந்த நள்ளிரவு வருகிறது. இதைப் படம் பிடிக்க இயலாதுதான். செய்தியாளரைக் குறை கூறுவதற்கில்லை.

ஜூன் 29 புனித இராயப்பர் திருநாள். இராயபுரத்தின் பெயரே அந்தச் செம்படவரின் பெயரால் வந்தது என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாண்டுத் திருநாளைப் பற்றி நம் டப்பாவில் ஒரு துணுக்கும் இல்லை. யாதொரு விபத்தும் நேரவில்லை என்பதே அதன் பொருள் போலும்.

ஆகஸ்டில் இரண்டு துணுக்குகள் கிடைத்தன. இரண்டுமே நம் கரையைச் சேர்ந்தவையல்ல. இருந்தும் அவற்றைக் கத்தரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு.

ஒன்று, மாமல்லபுரத்தில் ஆகஸ்ட் 14 முதல் 20 வரை நடந்த பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி. பலகைமேல் நின்று அலையின் முதுகில் சறுக்கிச் செல்லும் விளையாட்டு அது. சென்னைக்குத் தெற்கே கோவளம் என்னும் மீனவர் கிராமத்தில், மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர் தாமே அலைச்சறுக்கைக் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்துப் பள்ளியொன்றை நிறுவினார். 2013 முதல் அங்கே அலைச்சறுக்கு விழா நடந்தது. கோவளம் உலகத்தார் அறிந்த ஊராயிற்று. 2021இல் அதன் கடற்கரை, தூய்மைக்கு அடையாளமான நீலக்கொடிச் சான்றையும் பெற்றது. வலை இழுத்த கைகள் பலகையைப் பிடித்தன. பிள்ளைகள் பெயர் பெற்றனர், சிலருக்குப் பிழைப்பும் அமைந்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்று, இந்திய வீரர் ஒருவர் வெண்கலமும் வென்றார்.

அந்தப் படத்தைப் பார்த்த நம் வீட்டுப் பையன், "ஏன் பெரியப்பா, அதே கடல்தானே நமக்கும்? நம்ம கரையில மட்டும் ஏன் இது இல்ல?" என்று கேட்டான். வேடிக்கையான கேள்வி என்று தள்ளிவிடத் தோன்றியது. யோசித்தால், அலையை நம்பி வாழ்ந்த ஊர் என்ற பெயர் கோவளத்துக்கு முன்பே நமக்கு உரியது.

சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே வரிசை வரிசையாக மடியும் பேரலைகள். சீமையிலிருந்து வந்த துரைமாரின் படகுகள் அவ்வலைகளில் சிக்கினால் நொறுங்கிப் போகும். அவற்றைக் கடக்கவல்லது மசூலாப் படகு ஒன்றே. ஆணியின்றி, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது எதிர்த்து நில்லாமல் வளைந்து கொடுக்கும். கரையில் தட்டும்போது பிளவாமல் நெகிழும். நீர் உள்ளே கசியும். இறைத்து ஊற்றிக்கொண்டே செல்வர். நுனியில் வட்டப் பலகை கட்டிய மூங்கில் துடுப்புகளால் அலையின் இடைவெளி பார்த்துத் தள்ள, பின்னால் தண்டல் நின்று திசை காப்பார். பக்கத்திலேயே கட்டுமரக்காரர் மிதந்து வருவர். எவரேனும் நீரில் விழுந்தால் எடுத்து ஏற்றுவது அவர் பொறுப்பு. ஆளுநர் முதல் அஞ்சல் மூட்டை வரை இவர்கள் கைவழியேதான் சென்னையில் இறங்கவேண்டும். அந்தப் படகோட்டிக் குடும்பங்களில் பலர் இராயபுரத்தில் வாழ்ந்தனர். தங்கள் கூலியிலிருந்து சேர்த்த பொதுப் பணத்தைக் கொண்டே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். விளையாட்டாக அன்றி, அன்றாடக் கூலிக்காக அலையேறியவர்கள் அவர்கள்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரு கற்கரங்கள் நீண்டன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். துறைமுகம் உறுதிப்பட, மசூலாப் படகுக்கு வேலையில்லாது போயிற்று. அதனினும் பெரிய மாற்றம் ஒன்று மெல்ல நிகழ்ந்தது. நம் கடற்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்கிறது. கற்கரம் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் கடல் நம் கரையைத் தின்னத் தொடங்கிற்று. மெரினாவில் மாலை வேளையில் காற்று வாங்குவோர் காலடியில் உள்ள மணலில் நமக்கும் பங்கு உண்டு என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் அது முழுதும் வேடிக்கையல்ல. தெருக்களும் தோட்டங்களும் கடலுக்குள் போன பிறகு, பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பினர். பின்னர்த் தூண்டில் வளைவுகள் அமைத்தனர். இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் செல்வோர் காண்பது கரும்பாறை வரிசை. பாறையில் மோதும் அலையில் எவரும் சறுக்க இயலாது.

பையனுக்கு இவ்வளவும் சொன்னோம். அவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஆகஸ்டின் இரண்டாவது துணுக்கு, 18ஆம் நாள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டைப் பற்றியது. இராமநாதபுரத்து மண்டபம், நம் கல்மண்டபம் அன்று. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயரும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 5,000 ரூபாயை 61 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 82 ரூபாய் வரும். 8,000 என்றால் 131 ரூபாய். உயர்ந்தது உண்மை. நாளைக்கு 131 ரூபாயில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எவ்வாறு எரியும் என்பதை இதைப் படிக்கும் இல்லத்தரசியரே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று திங்களுக்கும் சேர்த்து டப்பாவில் ஐந்து தாள்கள். நான்கு மழை எச்சரிக்கைகள். அவற்றைக் கடந்து செல்வோம்.

டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டியே நகர்ந்தது. 5ஆம் நாள் ஆந்திராவில் பாபட்லா அருகே அது கரை கடக்குமுன், சென்னையின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. மாநகரம் முழுதும் வெள்ளம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்கள் எண்ணூரைப் பற்றிய பேச்சு இல்லை. பூண்டி நிரம்பி வழிந்த நீர் கொசஸ்தலை ஆற்றில் பெருக்கெடுத்தது, மணலி மூழ்கியது, பக்கிங்காம் கால்வாய் கரை தெரியாமல் ஓடிற்று. இவையெல்லாம் கூடும் இடம் எண்ணூர் முகத்துவாரம். வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது.

மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியக் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் மழைநீர் வடிகால் ஏற்பாடு போதாமையால், அங்கிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. கழிமுகத்திலும் கடலிலும் அது பரவியது. ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் காணப்பட்டதாகக் கடலோரக் காவற்படை தெரிவித்தது. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய ஊர்களில் கரையில் நின்ற ஃபைபர் படகுகள் இடுப்பளவு தார் பூசியவை போல் ஆயின. வலைகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன. அவற்றை எந்தச் சோப்பும் கழுவாது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கருங்கோடு ஒன்று படிந்தது. அலையாத்திச் செடிகளின் வேர்கள் கறுத்தன. கூழைக்கடாக்கள் சிறகை விரிக்க மாட்டாமல் அமர்ந்திருந்த படத்தை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அது எல்லாத் தாள்களிலும் வந்தது.

பறவையின் படத்துக்குப் பக்கத்தில் வந்த இன்னொரு படத்தையே நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீரில் படகை நிறுத்தி, அதன் விளிம்பில் குனிந்து, மீனவர் ஒருவர் பிளாஸ்டிக் குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றுகிறார். முழங்கை வரை கருமை. தொடக்க நாட்களில் பலருக்குக் கையுறையும் இல்லை. இதுபோன்ற படத்தை நாம் முன்னரும் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இதே கரையில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியால் அள்ளினர். நாடே அதைப் பார்த்து, இந்த யுகத்தில் வாளியா என்று வியந்தது. ஆறாண்டுகளும் பத்துத் திங்களும் கழிந்தன, வாளி குவளையாயிற்று. மிதவை வேலிகளும் உறிஞ்சு வண்டிகளும் பிறகு வந்தன; மும்பையிலிருந்து ஆட்களும் வந்தனர்; பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு நாள் குறித்து விரட்டியது. அதற்கு முன் அந்த நீரில் இறங்கியவர்கள் ஊர்க்காரர்கள். தங்கள் ஆறு என்பதால் இறங்கினர். அன்றைய கூலி கிடைக்கும் என்பதாலும் இறங்கினர். வலை போடமுடியாத நாளில் வேறு என்ன செய்வது?

இங்கே கடல் கடந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஹன்டிங்டன் பீச் என்றோர் ஊர் இருக்கிறது. அலைச்சறுக்குப் பட்டணம் என்றே அதற்குப் பட்டப்பெயர். 2021 அக்டோபர்த் தொடக்கத்தில் அங்கே கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து எண்ணெய் கசிந்து கடற்கரையை மூடும்படி ஆயிற்று. கப்பல்களின் நங்கூரம் குழாயை முன்னமே இழுத்துச் சேதப்படுத்தியிருந்தது. ஊரார் நீதிமன்றம் சென்றனர். குழாய்க்கு உரிய நிறுவனம் 5 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. அதைப் பங்கிட்ட முறைதான் நாம் கவனிக்கத் தக்கது. மீன் தொழிலில் உள்ளோர், கடற்கரையில் வீடு நிலம் உடையோர், கடற்கரைக்கு வரும் கூட்டத்தை நம்பித் தொழில் நடத்துவோர் என மூவகையினரும் இழந்தவர்களாகக் கருதப்பட்டனர். அலை சுத்தமாக இல்லாவிட்டால் பலகை வாடகைக்கு விடுபவனுக்கும் நட்டம்தான் என்பதை அங்கே எவரும் மறுக்கவில்லை.

நமக்கு வருவோம். தமிழ்நாடு அரசு அறிவித்த உதவி சுமார் 8 கோடியே 68 இலட்சம் ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைப் பழுதுபார்க்கத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். கொடுக்கவில்லை என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் ஆற்றில் மூன்று திங்கள் தொழில் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு 12,500ஐப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 139 ரூபாய். தடைக்கால நிவாரணமும் ஏறத்தாழ அதே தொகைதான் என்பதை மேலே பார்த்தோம். மீன் பெருகுவதற்காக மீனவன் விரும்பி ஓய்ந்திருக்கும் நாளுக்கும், பிறர் கொட்டிய எண்ணெயால் அவன் முடங்கிய நாளுக்கும் ஒரே விலை போட்டாயிற்று! இது நம்முடைய கணக்கு மட்டுமே; அரசின் கணக்கில் இரண்டும் வெவ்வேறு தலைப்பின்கீழ் இருக்கக்கூடும்.

பட்டியலில் எங்கே எழுதுவது என்று தெரியாத நட்டமும் உண்டு. கல்மண்டபம் சாலைப் பக்கம் கூடையோடு வரும் அம்மாள் ஒருவரிடம் நாம் பல்லாண்டுகளாக மீன் வாங்குகிறோம். எண்ணூர் ஆற்றுக்கும் அவருக்கும் தொடர்பில்லை; காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வருபவர் அவர். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வாங்க வந்தோர் ஒவ்வொருவரும், "இது எங்க புடிச்சது?" என்று கேட்டனர். மூன்றாம் வாரத்தில் எவரும் கேட்குமுன்பே அவர், "ஆழ்கடல் மீன் ஐயா, எண்ணூர் இல்ல" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கிறிஸ்துமஸ் அண்மிய நாட்களில் கூடை பாதி நிறைந்தபடியே திரும்பியது. எண்ணூர் என்ற பெயரைச் சொல்லாமல் மீன் விற்க முடியாது. சொன்னாலும் விற்க முடியாது. அவருடைய படகுக்குச் சேதமில்லை, ஏனெனில் அவருக்குப் படகில்லை. அவர் சுவரில் கருங்கோடும் இல்லை. எந்த அலுவலரிடம் எதைக் காட்டி அவர் முறையிடுவார்?

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், டிசம்பர் 26. கடலோரக் குடும்பங்கள் அந்தத் தேதியை மறப்பதில்லை. 2004இல் ஆழிப்பேரலை வந்த நாள் அது. ஆண்டுதோறும் காலையில் கடலில் பாலும் பூவும் விடுவர். அவ்வாறு 2023லும் விட்டு வந்து, இரவு பிள்ளைகளை உறங்க வைத்த பின், நள்ளிரவை நெருங்கும் வேளையில் பெரியகுப்பத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று எழுந்தது.

அங்குள்ள கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வருகிறது. சுழியத்துக்குக் கீழ் 33 பாகை அளவில் குளிரூட்டித் திரவமாக்கிய பொருள் அது. கப்பல் கரைக்கு வருவதில்லை. கடலடியில் போட்ட குழாய் வழியே ஆலைக்கு இறக்குவர். அன்றிரவு அந்தக் குழாயில் கசிவு நேர்ந்து, கடலிலிருந்து வாயு ஊருக்குள் புகுந்தது. கண் எரிச்சல், தொண்டை அடைப்பு, வாந்தி, மயக்கம். பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர்ப் பகுதி மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெற்கே ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில் கடலைவிட்டு ஓடியவர்களுள் சிலர் இம்முறையும் ஓடியிருக்கக்கூடும். இம்முறை கடல் ஒரு தவறும் செய்யவில்லை.

வாசகர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்றை இங்கே குறிப்பிடுகிறோம். அம்மோனியா நீரில் எளிதில் கரைவது. ஆகவே நெடி வரும்போது துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லவேண்டும். கண்ணை ஏராளமான நீரால் கழுவவேண்டும். ஆலைகளின் நடுவே வாழும் நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாட்டோடு இதையும் சொல்லிக் கொடுப்பது நலம். அன்றிரவு ஓடியவர்களுக்கு இதைச் சொல்ல ஒலிபெருக்கியோ அபாயச் சங்கோ இருந்ததா என்பதே மறுநாள் காலை எல்லோரும் கேட்ட கேள்வியாக இருந்தது.

ஆலை நிறுத்தப்பட்டது. 5 கோடியே 92 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பரிந்துரைத்தது. ஆலையை நிலையாக மூடவேண்டும் என்று சுற்றுவட்டாரத்தின் முப்பதுக்கும் மேற்பட்ட ஊரார் பந்தலிட்டு அமர்ந்தனர். பெண்களே மிகுதி. முதல் வாரம் எல்லாச் செய்தித்தாள்களிலும் பந்தலின் படம் வந்தது. பொங்கலுக்குப் பின் இடையிடையே வந்தது. பங்குனி வெயில் ஏறியபோது நம் கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. பந்தல் மட்டும் இருந்தது. ஒரு முறை அவ்வழியே பேருந்தில் செல்லும்போது பார்த்தோம்: ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போராட்டம் என்றால் முழக்கம் என்றே நாம் எண்ணியிருந்தோம். அது பெரும்பாலும் காத்திருத்தலே என்று அன்று கண்டோம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளில் வேலை செய்து வீடு கட்டியவர்கள், மகளை மணம் செய்வித்தவர்கள் நம்மிடையே பலர். 1969இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியபோதும், மறு ஆண்டு எண்ணூர் அனல் மின் நிலையம் எழுந்தபோதும், நம் பகுதிக்கு விடிவு வந்தது என்றே பெரியவர்கள் பேசினர். மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது; அதற்காகக் கண்ணீர் விட்டவர்களையும் நாம் அறிவோம். ஒரே தெருவில் ஒரு வீடு ஆலையை நம்புகிறது, அடுத்த வீடு ஆற்றை நம்புகிறது. ஒரே வீட்டில் அண்ணன் ஆலையிலும் தம்பி படகிலும் இருப்பதும் உண்டு. ஆலை வேண்டுமா ஆறு வேண்டுமா என்று கேட்பது எளிது. அந்த வீட்டுச் சாப்பாட்டு வேளையில் அக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வடிகால் சரியாக வேண்டும், குழாய் கசியாதிருக்க வேண்டும், கசிந்தால் சங்கு ஒலிக்க வேண்டும் என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேதமில்லை.

2024 மார்ச் 14ஆம் நாள் வட சென்னை வளர்ச்சித் திட்டம் 4,181 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது. பெரிய எழுத்தில் வந்த செய்தி. பாலம், குடிநீர், பள்ளி, மருத்துவமனை எல்லாம் வேண்டியவையே. ஏப்ரல் 15இல் தடைக்காலம் வந்தது. நான்காம் நாளே, 19ஆம் தேதி, நாடாளுமன்றத் தேர்தல். வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கு அவ்வாண்டு ஒரு வசதி இருந்தது: விசைப்படகுக்காரர் அனைவரும் கரையில்தான் இருந்தனர். எண்ணெயும் அம்மோனியாவும் எல்லாக் கட்சியாரின் பேச்சிலும் வந்தன. 8,000 ரூபாய் நிவாரணமும் அவ்வாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

மே திங்களில் பசுமைத் தீர்ப்பாயம் அம்மோனியா வழக்கில் தன் ஆணையைப் பிறப்பித்தது. ஜூன் 14 நள்ளிரவில் படகுகள் புறப்பட்டன. நாம் போய்ப் பார்த்தோம். ஐஸ் ஏற்றும் இடத்தில் நெரிசல். பெட்ரோமாக்ஸ் இருந்த காலம் போய் எங்கும் வெள்ளை விளக்கு. அணியத்தில் எலுமிச்சம்பழம், மாலை, சில படகுகளில் சிலுவை. செய்தியாளர் ஒருவர் சுவரில் ஏறி நின்று, துறைமுக வாயிலை நோக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அது வந்தது. நம் டப்பாவின் முதல் துணுக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். இரண்டையும் கலைத்துவிட்டால் எது எந்த ஆண்டு என்று நம்மாலேயே சொல்ல முடியாது.

ஓராண்டு முடிந்துவிட்டது, கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டோம். ஆயினும் இரண்டு திங்கள் கழித்து, ஆகஸ்டில், மூடப்பட்ட உரத் தொழிற்சாலை மீண்டும் இயங்கத் தொடங்கியது என்ற செய்தி வந்தது. டிசம்பரில் முதற்பக்கம் முழுதும் நிறைந்திருந்த அதே ஆலை, இப்போது வணிகப் பக்கத்தின் அடியில், விரல் நீளத்துக்கு. கணக்குப்படி அது அடுத்த ஆண்டைச் சேர்ந்தது. இருந்தாலும் கத்தரித்து, டிசம்பர் அடுக்கின் மேலேயே வைத்தோம்.